வேட்டியில் மடித்த வெயில்

திருநெல்வேலி டவுனில், கீழரத வீதியிலிருந்து பிரிகிற சந்துகளில் ஒன்றுக்குள் பூக்கட்டி வளவு என்று ஒரு வளவு இருந்தது. இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள், நடுவில் ஒருவர் கைவீசி நடந்தால் எதிரே வருகிறவர் ஒதுங்கி நிற்கவேண்டிய பாதை, கடைசியில் கிணறு, கிணற்றடியிலிருந்து எல்லோருக்கும் பொதுவான மொட்டை மாடிக்கு ஏறுகிற படி. வீடுகள் ஒவ்வொன்றும் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓடின. முன்வீட்டுக்கு வாசல் வழியாக வெளிச்சம் வந்தது, அடுக்களைக்குப் பின்கதவு வழியாக வந்தது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நடுவீட்டுக்கு எங்கிருந்தும் வரவில்லை. எல்லா வீட்டு நடுவீடும் இருட்டுதான் என்றாலும், கண்டக்டர் குற்றாலிங்கத்தின் வீட்டு நடுவீட்டில் இருந்த இருட்டு மற்ற வீட்டு இருட்டைவிடக் கெட்டி, அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று வளவில் எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் சங்கரவடிவு வாக்கப்பட்டு வந்தாள். அவள் ஊர் ஆறுமுகநேரி. உப்பளத்தில் உப்பு குவிந்து கிடக்கும், அதன்மேல் வெயில் விழுந்து கண்ணைக் குத்தும், வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால்கூட அந்த வெள்ளை சுவரில் ஏறி, கூரையில் ஏறி, தட்டில் இருக்கிற சோற்றில் இறங்கும். இருட்டு என்பது சூரியன் அடைந்தபிறகு வருகிற ஒன்று என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த அன்று நடுவீட்டில் நின்று சுவிட்சு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். லைட்டு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்றார் குற்றாலிங்கம். அண்ணாந்து பார்த்தாள், எரிந்துகொண்டுதான் இருந்தது. ஈரத்துணி போட்டு மூடிய மாதிரி ஒரு டியூப் லைட்டு, தனக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்த அறையில் குற்றாலிங்கத்தின் தங்கை இருந்தாள். பெயர் குழல்வாய்மொழி, வீட்டில் மொழி. அவளுக்கு நிச்சயம் ஆகிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற சமயத்தில் உதட்டோரம் ஒரு வெண்புள்ளி வந்தது, பிறகு கண்ணைச் சுற்றி வந்தது, பிறகு கையில் வந்தது. வலி இல்லை, ஒட்டாது, ஒன்றும் செய்யாது என்று டாக்டர்கள் சொன்னார்கள், மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்கிற அளவுக்கு உட்காரவில்லை. அவர்கள் எழுந்து போன அன்று மொழி நடுவீட்டுக்குள் போனாள். யாரும் அவளை அடைக்கவில்லை. சாப்பிட அடுக்களை வரைக்கும் வருவாள், குளிக்க விடியுமுன்னால் கிணற்றடிக்குப் போவாள், மற்ற நேரமெல்லாம் அந்த இருட்டில் பாயை விரித்து, கண்ணே தேவைப்படாத வேலைகளாகச் செய்துகொண்டிருப்பாள்: புளி கொட்டை எடுப்பது, பூண்டு உரிப்பது, மொச்சை பிதுக்குவது. அப்பா அம்மா போனபிறகு அண்ணனும் தங்கையுமாக அந்த வீட்டில் பேச்சு குறைந்து குறைந்து, சோறு வைக்கட்டுமா, வை, என்கிற அளவில் வந்து நின்றிருந்தது.

வடிவுக்கு மொழியைப் பிடித்திருந்தது. ஆனால் நடுவீட்டைப் பிடிக்கவில்லை. அவளிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது, முன்வீட்டில் அதைப் போட்டால் கட்டில் போட இடமில்லை, நடுவீட்டில் போட்டால் ஊசிக் காது தெரியவில்லை. லூர்து டீச்சரின் கருநீல ஜாக்கெட்டைக் கறுப்பு நூலால் தைத்து, கறுப்பு ஜாக்கெட்டைக் கருநீல நூலால் தைத்து, இரண்டையும் டீச்சர் வாசலில் வெயிலில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்ப மடித்துக் கொடுத்தபோது, இந்த அறையை வெளிச்சமாக்காமல் விடுவதில்லை என்று வடிவு முடிவு செய்தாள். எதிர்வீட்டில் இருந்த லூர்து டீச்சர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவர். வளவில் எந்த விஷயமும் அவர் வாயால் ஒருமுறை சொல்லப்பட்ட பிறகுதான் நடந்ததாகக் கணக்கு.

முதலில் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தாள். சுவர் வெள்ளையானது, அறை ஆகவில்லை. நிலைக்கண்ணாடியை முன்வீட்டுக் கதவுக்கு நேராகச் சாய்த்து வைத்தாள். வாசல் வெளிச்சம் கண்ணாடி வரைக்கும் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனது. எவர்சில்வர் தாம்பாளங்களை வரிசையாகச் சுவரில் சாய்த்தாள். மஞ்சள் பல்பு மாட்டினாள், வெள்ளைப் பல்பு மாட்டினாள், தேர்த் திருவிழாவில் வாங்கிய சீரியல் விளக்கைச் சுற்றிவிட்டாள். அது தூரத்து ஊரில் நடக்கிற யாரோ வீட்டுக் கல்யாணம் மாதிரி மினுங்கியது. கூரையில் கண்ணாடி ஓடு பதிக்கலாமா என்று கேட்டதற்கு, மேலே எல்லோரும் நடக்கிற மாடி என்று குற்றாலிங்கம் சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார்.  சுண்ணாம்பு அடிக்கிறபோது மொழி பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, முடிந்ததும் திரும்ப விரித்துக்கொண்டாள்.

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், வடிவு கணவனின் எட்டு முழ வேட்டியைக் கஞ்சி போட்டு அலசி மாடியின் வடகோடியில் உலர்த்தினாள். மாடித் தளம் கால் வைக்க முடியாமல் கொதித்தது, காக்காய்கூட இல்லை, வெயில் காற்றில் நில்லாமல் ஒரு பொருள் மாதிரி வேட்டியின்மேல் படிந்து கிடந்தது. அவள் அவசர அவசரமாக அதை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு கீழே ஓடிவந்தாள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. கஞ்சி அதிகம் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள். இஸ்திரி போட நடுவீட்டில் கொண்டுவந்து உதறி விரித்தபோது, மடிப்புக்குள் இருந்த வெயில் பொத்தென்று தரையில் விழுந்தது.

விழுந்தது அப்படியே கிடந்தது. வேட்டி அகலத்துக்கு, வேட்டி நீளத்துக்கு, ஓரம் கொஞ்சம் சுருங்கி, மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கோடாக, சுட்ட சுண்ணாம்பும் கூழ் வடகமும் கலந்த மாடி வாசனையோடு கிடந்தது. வடிவு குனிந்து தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குமாறால் லேசாகத் தள்ளிப் பார்த்தாள், நகர்ந்தது. மெஷின் பக்கமாகத் தள்ளி வைத்தாள். மொழி பாயோடு எழுந்து இன்னொரு மூலைக்கு மாறி உட்கார்ந்தாள். வடிவு ஊசியில் நூல் கோத்தாள். ஒரே தடவையில் கோத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் மொழி இடம் மாறியதை அவள் பெரிதாக எண்ணவில்லை.

மறுநாள் ஒரு ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாள் இரண்டு புடவை. ஈரத்துணியில்தான் வெயில் நன்றாக ஒட்டுகிறது, நைலக்ஸ் சேலையில் வழுக்கிவிடுகிறது, நூல் சேலையில் கொஞ்சமும் சிந்தாமல் வருகிறது என்றெல்லாம் அவளுக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. கொண்டுவந்ததைச் சுவரில் பூசினாள், அலமாரிக்குள் கொஞ்சம் வைத்தாள், கூரை மூலைகளில் ஒட்டடைக் குச்சியால் ஏற்றிவிட்டாள். தென்காசி டிரிப் முடித்து வந்த குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவீட்டைப் பார்த்தார், பிறகு தன் வேட்டியைப் பார்த்தார், வேட்டி பழுப்படிக்காமல் இருந்தால் சரி என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் ஆனால் அந்த வெயிலும் மஞ்சளித்து, சிவந்து, மங்கும். வெளியே மேகம் போட்டால் இங்கேயும் கொஞ்சம் வாடும். என்ன இருந்தாலும் அது சூரியனின் சொத்து, அதன் கூப்பாட்டுக்குக் கட்டுப்பட்டுத்தானே ஆகவேண்டும் என்று வளவுக்காரர்கள் அதை ஞாயமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஏனென்றால் அதற்குள் வளவே அங்கே வந்துவிட்டிருந்தது. லூர்து டீச்சர் முதலில் வந்தார், நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, கண்ணாடி போடாமலே தினத்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, வடிவு வீட்டு நடுவீட்டில் வெயில் அடிக்கிறது என்று அறிவித்தார். பிறகு அரிசியில் கல் பொறுக்க வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பேன் பார்க்க வந்தார்கள், பிறந்த குழந்தைக்கு உடம்பு மஞ்சளாக இருக்கிறது, காலை வெயில் காட்டச் சொன்னார்கள் என்று ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை வெயிலைக் கையால் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. மழை வரும்போல இருந்த ஒரு நாள் தெருவே தன் அப்பளத்தையும் வற்றலையும் அங்கே கொண்டுவந்து பரத்தியது. பூனை ஒன்று உள்ளே வந்து படுத்து, பிறகு வெளியே போவதை மறந்தது. மின்வாரியத்திலிருந்து மீட்டர் பார்க்க வந்தவர், மீட்டர் ஓடவில்லை, அறை பளபளவென்று இருக்கிறது, எங்கிருந்து வயர் இழுத்திருக்கிறீர்கள் என்று சுவரெல்லாம் தடவிப் பார்த்தார். வயர் இல்லை, வேட்டிதான் என்று வடிவு சொன்னதும், அது தன் பிரிவில் வராது என்று சொல்லிவிட்டு, வியர்த்து நனைந்திருந்த கைக்குட்டையை அங்கேயே உலர்த்தி எடுத்துக்கொண்டு போனார்.

மாடியில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்த்ததும் லூர்து டீச்சர்தான். வடகோடியில் காயப்போட்ட மிளகாய் வற்றிவிட்டதா என்று பார்க்கப் போனவர், அந்த இடத்தில் மிளகாயே தெரியவில்லை என்று கண்டார். நல்ல உச்சி வெயிலில், ஒரு அறை அகலத்துக்கு, ஒரு அறை உயரத்துக்கு, இருட்டு நின்றுகொண்டிருந்தது. கையை நீட்டினார், மணிக்கட்டுவரை காணாமல் போனது. இறங்கி வந்து, உங்கள் வீட்டு இருட்டு மாடியில் இருக்கிறது வடிவு, கெட்டியாகத்தான் இருக்கிறது, என்று சொன்னார்.

மாடி பொது, அதன் வெயிலும் பொது, ஒரு வீட்டுக்காரி அதை அள்ளிக்கொண்டு தன் வீட்டுக் கழிவைக் கொண்டுபோய்ப் பொது இடத்தில் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். கிணற்றடியில் கூட்டம் கூடியது. வடிவு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்வார்கள், மறுபடியும் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகிவிடும் என்று அவள் பயந்தாள். ஆனால் அது கத்திரி. கூட்டம் கூடிய நேரமோ நடுப்பகல். கிணற்றடியில் நிற்க முடியாமல், அந்த இருட்டைத்தான் பார்த்துவிடுவோம் என்று எல்லோரும் மேலே ஏறி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். உள்ளே பழைய நடுவீடு மாதிரியே குளுகுளுவென்று இருந்தது, ஆனால் சுவர் இல்லாததால் தாமிரபரணிப் பக்கமிருந்து காற்று நேராக வந்தது. ஒவ்வொருவராகத் தளத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு யாரோ, யாரென்று தெரியவில்லை, ஒரு தலையணை இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். வழக்கு அத்தோடு தீர்ந்தது.

அதற்குப்பிறகு இருட்டுக்கும் ஆள் வந்தது. மண்பானையை அங்கே வைத்தால் தண்ணீர் சில்லென்று ஆனது, கட்டிய பிச்சிப்பூ மறுநாள் மாலைவரை வாடவில்லை, உறை குத்திய தயிர் புளிக்காமல் நின்றது. எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவர் கடைசி வீட்டு மாடி அறையில் குடியிருந்த ஆவுடையப்பன். அவர் ரயில்வேயில் ராத்திரி ரோந்து. ஊர் தூங்குகிற நேரத்தில் தண்டவாளத்தோடு நடந்து விரிசல் பார்ப்பது வேலை. பகலில் அவர் அறையின் தகரக் கூரை காய்ந்து, வெளிச்சம் சந்து சந்தாக இறங்கி, எத்தனையோ வருஷமாகத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு புரண்டுகொண்டிருந்த மனிதர். அன்று பாயைத் தூக்கிக்கொண்டு போய் இருட்டின் கிழக்கு ஓரத்தில் விழுந்தவர், முதன்முறையாக வளவுக்கே கேட்கும்படி குறட்டை விட்டார்.

கீழே, நடுவீட்டில், மொழியின் பாய் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சுருங்கியது. முதலில் ஒரு மூலைக்குப் போனாள், பிறகு அலமாரி நிழலுக்குப் போனாள், பிறகு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே பூண்டு உரித்தாள். கடைசியாக மிச்சமிருந்த அந்தக் கதவுப் பின்புறத்தையும் வடிவு ஒரு மதியம், பூ வேலை போட்ட துப்பட்டாவில் அள்ளிக்கொண்டு வந்த வெயிலால் நிரப்பினாள். நிரப்பிவிட்டு, இடுப்பில் கைவைத்து, முழுக்க முழுக்க வெளிச்சமான தன் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மூலையில்லை, ஒரு பொந்து இல்லை, எங்கே பார்த்தாலும் உப்பளம் மாதிரி மின்னியது. அப்போதுதான் மொழி இல்லை என்பதைப் பார்த்தாள்.

அடுக்களையில் இல்லை. கிணற்றடியில் இல்லை. வடிவு கிணற்றுக்குள் குனிந்து பார்த்தாள், வானம்தான் தெரிந்தது. பாதையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள், தலையோடு போர்த்திய ஒரு சேலை சுவரோரமாகப் போய்ப் படி ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வடிவு செருப்பில்லாமல் மாடிக்கு ஓடினாள். தளம் சுட்டது. இருட்டின் ஓரத்தில் நின்று, "மொழி, உள்ள இருக்கியா?" என்று கேட்டாள்.

இருக்கிறேன் என்று பதில் வந்தது.

வடிவு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னுடைய ஆசையில் ஒருத்தி இருந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டோம் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறேன், இன்றைக்கே செய்கிறேன், நீ கீழே வா, என்று சொன்னாள்.  பிறகு மொழி பேசினாள்.

"வேண்டாம் மதினி. இது நம்ம வீட்டு இருட்டுதான், எனக்கு அடையாளம் தெரியுது. ஆனா இங்க காத்து வருது."

காற்றில் யார் வீட்டிலோ கத்திரிக்காய் வதக்குகிற வாசனை வருகிறது, கோவில் யானையின் மணிச்சத்தம் கேட்கிறது, இதெல்லாம் இருப்பதே தனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னாள். வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோற்றை மேலேயே கொண்டுவரவா என்று கேட்டாள். கொஞ்சம் ஊறுகாயும் கொண்டுவரச் சொன்னாள் மொழி. அவள் வாய்விட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டதை வடிவு அதுவரை கேட்டதில்லை.

இப்படியாக மொழியின் பகல்கள் மாடிக்கு ஏறின. ஒரு ஆணும் பெண்ணும் ஒரே இருட்டில் பகலெல்லாம் இருக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, லூர்து டீச்சர் நடுவில் ஒரு கொடி கட்டி ஜமுக்காளத்தைத் தொங்கவிடச் சொன்னார். தொங்கவிட்டார்கள், ஆனால் அந்த இருட்டில் ஜமுக்காளம் தொங்குகிறதா, கீழே விழுந்து கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால், தொங்குகிறது என்றே வைத்துக்கொண்டார்கள். தவிர, அங்கே தனியாக இருக்க வாய்ப்பும் இல்லை. சமையல் முடித்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையில் ஏதாவது வேலையோடு ஏறி வந்து இருட்டுக்குள் உட்கார்ந்தார்கள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாத இடத்தில் பேச்சு வேறு மாதிரி வந்தது. பகலில் சொல்லவே சொல்லாத விஷயங்களை, மாமியாரைப் பற்றியும், தவறிப்போன பிள்ளையைப் பற்றியும், பள்ளிக்கூடத்தில் தனக்குப் பிடித்திருந்த பையனைப் பற்றியும், சாதாரணமாக, பூண்டு உரிக்கிற மாதிரி உரித்துப் போட்டார்கள். மொழி கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் பேசவும் ஆரம்பித்தாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் வாயில் போட்ட லட்டைத் துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் எழுந்து ஓடியதை, யார் யார் எப்படி நடந்தார்கள் என்று அவரவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். இருட்டுக்குள்ளிருந்து எழுந்த சிரிப்பு ரத வீதி வரை கேட்டது. கடைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இத்தனை நாளாக யாருக்கும் தெரியாமல் இருந்த அவளுடைய குரல் அது. பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று லூர்து டீச்சர் சொன்னார்.

ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கம் குறட்டை நின்றுபோயிருந்ததை வடிவுதான் கவனித்தாள். பெண்கள் எல்லோரும் இறங்கிப் போனபிறகு, காப்பி எடுத்துக்கொண்டு ஏறினால், இரண்டு குரல் கேட்கும். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒன்று நிற்கும். தண்டவாளத்தில் நடக்கிறபோது எதிரே வந்து நிற்கிற மிளா மானைப் பற்றி, மழைக்கு முன்னால் இரும்பு விடுகிற வாசனையைப் பற்றி ஆவுடையப்பன் சொல்லிக்கொண்டிருப்பார். ஜமுக்காளத்தின் இந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி போகும். மொழி மல்லிகைப்பூ கேட்டாள். சாந்துப்பொட்டுக் குப்பி கேட்டாள். இருட்டில் எதற்குப் பொட்டு என்று வடிவு கேட்கவில்லை. நடுவீட்டு வெயிலில் உட்கார்ந்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜாக்கெட்டை அளவு கேட்காமலே தைத்து வைத்தாள். ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

ஆனியில் ஒரு நாள் ஆவுடையப்பன் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து, நடுவீட்டு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்து, குற்றாலிங்கத்திடம் தங்கையைக் கேட்டார். தனக்கு அப்பா அம்மா இல்லை, முறையாக வந்து கேட்க ஆள் இல்லை, அதனால் தானே வந்ததாகச் சொன்னார்.  பஸ்ஸில் நாளெல்லாம் குரல் கொடுக்கிற குற்றாலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நீங்கள் அவளை இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு எழுந்து போவதை அவள் இன்னொரு தடவை தாங்கமாட்டாள் என்று சொன்னார். ஆவுடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, உங்கள் இஷ்டப்படி செய்யலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை பெண் பார்ப்பது என்று முடிவானது. அந்த அறையைவிட வெளிச்சமான இடம் டவுனிலேயே கிடையாது என்பதால் நடுவீட்டில்தான். வளவே கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டது, ஆளுக்கொரு தட்டாகப் பலகாரம் வந்து சேர்ந்தது. வடிவு ஆரஞ்சு ஜாக்கெட்டையும் பச்சைப் பட்டுச் சேலையையும் மாடிக்குக் கொண்டுபோய் இருட்டுக்குள் நீட்டினாள், கை வாங்கிக்கொண்டது. நேரமானது. ஆவுடையப்பன் வந்து உட்கார்ந்தார். மொழி இறங்கி வரவில்லை. வடிவு ஏறிப் போய்க் கூப்பிட்டாள், சேலை கட்டியாகிவிட்டது மதினி, கால் வரமாட்டேன் என்கிறது, என்றாள் மொழி. அந்த அறையில் எந்த மூலையும் இல்லை, நின்றால் ஒதுங்க ஒரு நிழல் இல்லை என்று சொல்லும்போது அவள் குரல் பழைய குரலாகியிருந்தது.

வடிவு தலையைக் குனிந்துகொண்டு கீழே வந்து அப்படியே சொன்னாள். ஆவுடையப்பன் எழுந்தார். வளவுக்காரர்கள் பார்த்தார்கள், அவர் வாசல் பக்கம் திரும்பாமல் கிணற்றடிப் பக்கம் திரும்பினார், படி ஏறினார். வடிவு பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், இருட்டின் ஓரத்தில், கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் எப்பிடி இருப்பேன்னு தெரியாம கேட்டுட்டிய," என்றாள் மொழி.

"தெரியும்," என்றார் ஆவுடையப்பன்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ராத்திரியெல்லாம் தண்டவாளத்துல மயிரிழை விரிசல் பாக்கிற கண்ணு இது. இருட்டுல எனக்கு நல்லாத் தெரியும். நீங்க சேலையைப் போத்திக்கிட்டு உள்ள வந்த அன்னைக்கே பாத்தாச்சு. அந்த ஜமுக்காளம்கூட மறுநாளே விழுந்துட்டு, நான்தான் மடிச்சுத் தலைக்கு வச்சிருக்கேன்."

 தட்டில் இருந்த லட்டின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, வடிவு அதை விரட்டவில்லை.

"பிறகு ஏன் சொல்லல?"

"சொன்னா எந்திரிச்சுப் போயிருவிய. மிளா கதை பாதியில நின்னுரும்."

"அப்பம், நான் கண்ணாடி இல்லாம பொட்டு வச்சதெல்லாம்..."

"கொஞ்சம் கோணல்தான்," என்றார் அவர். "இன்னைக்கும்."

முதலில் ஒரு விக்கல் மாதிரிதான் கேட்டது. அழுகிறாளோ என்று வடிவு தட்டைக் கீழே வைக்கப் போனாள். பிறகு அது சிரிப்பு என்று தெரிந்தது. அடக்கி, அடக்க முடியாமல் விட்டு, மறுபடியும் அடக்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருட்டிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. கொலுசு. பச்சைப் பட்டு. புள்ளி விழுந்த கை. வெளியே வந்து நின்ற மொழி, வெயிலில் கண் கூச, விரலால் பொட்டைத் தடவிப் பார்த்து நேராக்கிக்கொண்டாள். அது இன்னும் கோணலாகப் போனது. அவருக்குக் காப்பி கொடுக்கவேண்டும், பால் இருக்கிறதா மதினி என்று கேட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து இருந்த பாலெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வடிவு அதைச் சொன்னாள்.

மொழி படி இறங்கினாள். அடுக்களைக்குப் போய்த் தூக்குவாளியை எடுத்தாள். பாதையில் இரண்டு பக்கமும் வளவே நின்றிருந்தது. அவள் முகத்தை இத்தனை வெளிச்சத்தில் பார்க்காதவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் லட்டைத் தின்றுகொண்டு ஒதுங்கி வழி விட்டார்கள். குற்றாலிங்கம் வாசல்படியில் எழுந்து நின்றார். யாராவது கூடப் போகட்டுமா என்று கேட்க அவருக்கு வாய் வந்தது, வடிவு அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். தூக்குவாளி அசைய அசைய மொழி சந்து தாண்டி ரத வீதியின் நடுப்பகல் வெயிலுக்குள் போனாள்.

போனவள் உடனே வரவில்லை. வளவே வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்தபோது வியர்த்து, பட்டுச் சேலையின் ஓரமெல்லாம் புழுதியாக, கையில் பாலும் தலையில் புதுசாக ஒரு முழம் கதம்பமுமாக வந்தாள். எல்லாம் மாறிக் கிடக்கிறது மதினி, பால்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறான், தேரடி வரைக்கும் நடந்தேன், அங்கே ஒரு பெண்பிள்ளை பஸ் ஓட்டிக்கொண்டு போகிறாள், நீங்கள் யாரும் எனக்குச் சொல்லவேயில்லை என்று மூச்சு வாங்கக் குற்றம் சொன்னாள்.

காப்பி போட்டு, இரண்டு டம்ளரிலும் நுரை ததும்ப ஆற்றி, இருவரும் மேலே கொண்டுபோனார்கள். படி ஏறும்போதே குறட்டை கேட்டது. முந்தின ராத்திரி முழுக்க நடந்துவிட்டு, பெண் பார்க்க வருவதற்காகப் பகலிலும் கண் மூடாமல் இருந்த மனிதர், காத்திருந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டிருந்தார். எழுப்பட்டுமா என்று வடிவு கேட்டாள். வேண்டாம், ராத்திரி டூட்டி இருக்கிறது, என்றாள் மொழி. பிறகு இருட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி, வெயிலில், கோபுரத்தைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு டம்ளரை வடிவிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வருகிற குறட்டையைத் தலையைச் சாய்த்துக் கேட்டபடி, ஆறவிடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.